மனைவியின் ஐம்பதாவது பிறந்தநாளில் என்ன பேசுவது?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறேன். வயது 54. செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். எங்களுக்குத் திருமணமாகி 27 ஆண்டுகள் ஆகின்றன. வரும் மாதம் என் மனைவிக்கு ஐம்பது வயது நிறைகிறது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவள். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகளை இடித்த பிறகு இங்கே வந்தோம். 12 ஆண்டுகளாகக் காலைப் பசியாறல் கடை போடுகிறாள். மகள் கிள்ளானில் தாதி. மகன் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். பிள்ளைகள் மண்டபம் எடுத்து விருந்து வைக்கப் போகிறார்கள். நான் மேடையேறி அவளைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். எனக்கு அதெல்லாம் வராது என்றேன். "ஒரு நாளாவது அம்மாவ நல்லா சொல்லியிருக்கீங்களாப்பா?" என்று மகள் கேட்டுவிட்டாள். அன்றிரவு தூக்கமே வரவில்லை. நான் குடிப்பதில்லை, சம்பளத்தை அப்படியே அவள் கையில் கொடுக்கிறேன். அதுவே பாராட்டு இல்லையா? போன வருடம் எட்டு கிராமில் வளையல் வாங்கிக் கொடுத்தேன், "செய்கூலி எவ்வளவு?" என்று கேட்டு அலமாரியில் வைத்தவள், பிறகு மகனின் செலவுக்காக அதை அடகு வைத்துவிட்டாள். போதாக்குறைக்கு, அடையாள அட்டையில் உள்ளது அவள் பிறந்த தேதியே இல்லை என்கிறார் மாமியார். இத்தனை வருடம் வாய் திறக்காதவன் இப்போது பேசினால், நாடகம் ஆடுகிறான் என்று நினைக்க மாட்டாளா?

– பெயர் வேண்டாம், பேராக், மலேசியா

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியே மேலே தந்திருக்கிறேன். விட்டுவிட்ட பகுதியில்தான் உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இருக்கிறது என்பதால், முதலில் அதை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 12 ஆண்டுகளுக்கு முன், வீட்டுக் கூரையைச் சரிசெய்ய ஏறிய நீங்கள் விழுந்து கால் முறிந்து பல மாதங்கள் படுக்கையில் இருந்திருக்கிறீர்கள். வேலை நேரத்து விபத்து அல்ல என்பதால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் பணமும் கிடைக்கவில்லை. அப்போதுதான் உங்கள் மனைவி நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டத் தொடங்கியிருக்கிறார். அவர் அதைக் கொண்டுபோய் விற்ற முதல் இடம், நீங்கள் குலை இறக்கும் அதே ஆலையின் வாசல். உங்களுடன் லாரி ஓட்டுபவர்களிடமே கூடையை நீட்டி விற்றிருக்கிறார். வீட்டுக் கடனின் மாதத் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. உங்களிடம் மட்டும், "டவுன்ல ஒரு கடைக்குப் போட்டுக் குடுக்குறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஆலையில் எடை பார்க்கும் கிராணி (எழுத்தர்) வீட்டுக்கு வந்து உங்களைப் பார்த்தபோது உண்மையைச் சொல்லிவிட்டார். "எனக்குத் தெரியும் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவரைப் பாராட்ட உங்களிடம் சொற்கள் இல்லை என்று நீங்கள் சொல்வதை, இந்தப் பகுதியைப் படித்த பிறகு நான் ஏற்பதாக இல்லை. பேச வேண்டியது உங்களிடம் 12 ஆண்டுகளாகவே இருக்கிறது.

சம்பளத்தை அப்படியே கொடுப்பது பாராட்டு ஆகாதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அது பொறுப்பு. சம்பள நாளன்று கணவன் வீடு வந்து சேருவானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் நம் தோட்டப்புறங்களில் எத்தனை பேர் என்பது உங்கள் மனைவிக்கு நன்றாகவே தெரியும். ஆகவே அதன் அருமையை அவர் உணராமல் இல்லை. ஆனால், கணவர் பொறுப்பாக நடந்துகொள்கிறார் என்பதுதான் அதிலிருந்து அவருக்குத் தெரியுமே தவிர, தம்முடைய உழைப்பை நீங்கள் கண்டீர்களா என்பது தெரியாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதியரைத் தனித்தனியே உட்கார வைத்து, வீட்டு வேலைகள் ஒவ்வொன்றிலும் தங்கள் பங்கு எவ்வளவு என்று குறிக்கச் சொன்னார்கள். கணவன் சொன்னதையும் மனைவி சொன்னதையும் கூட்டினால், பெரும்பாலும் அது நூறு விழுக்காட்டைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது அவரவர் நினைவில் எளிதாக வந்து நிற்கிறது. மற்றவர் செய்தது அவ்வளவு எளிதாக வருவதில்லை. வேடிக்கை என்னவென்றால், வீட்டில் சண்டையைக் கிளப்புவது போன்ற விரும்பத்தகாத காரியங்களிலும் பலர் தங்கள் பங்கைக் கூட்டியே சொன்னார்கள். நீங்கள் இருட்டோடு லாரியைக் கிளப்புவது உங்கள் கணக்கில் இருக்கிறது. அதற்கும் முன்பே எழுந்து அவர் தேங்காய்ப்பால் பிழிவது அவர் கணக்கில் இருக்கிறது. ஒருவர் கணக்கை மற்றவர் பார்த்ததாக வாய்விட்டுச் சொன்னால்தான் இருவருக்கும் அது தெரியவரும்.

இனி, என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். மனைவியைப் பாராட்டுங்கள் என்றதும் நம் ஆண்களில் பலர், "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்று தொடங்குகிறார்கள். உள்ளத்தில் இருந்து வரும் சொல்தான், குற்றம் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் யாரைப் பற்றியது என்று பாருங்கள். அது உங்களைப் பற்றியது: எனக்குச் சோறு கிடைத்தது, என் துணி துவைக்கப்பட்டது, என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நன்றியுணர்வைப் பற்றி நெடுநாளாக ஆராய்ந்துவரும் சாரா அல்கோ என்பவரும் அவருடைய குழுவினரும், தம்பதியர் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைப் பதிவுசெய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வேறுபாட்டைத்தான் கவனித்தார்கள். தனக்குக் கிடைத்த நன்மையைச் சொல்லி நன்றி கூறுவதைவிட, செய்தவரின் செயலையும் குணத்தையும் எடுத்துச் சொல்லி நன்றி கூறும்போதுதான், கேட்பவர் தன்னைத் துணைவர் புரிந்துகொண்டிருக்கிறார் என்று உணர்கிறார். உங்கள் மனைவிக்கும் அதுவே பொருந்தும். அவர் ஆலை வாசலில் நின்றதால் உங்களுக்கு வீடு தங்கியது என்பது உண்மைதான். ஆனால் உங்களைத் தெரிந்த ஆட்களின் முன்னால் கூடையோடு நிற்கத் துணிந்ததும், அதனால் உங்கள் மனம் சுருங்கிவிடக் கூடாது என்று அதை மறைத்ததும் அவருடைய குணம். சொல்ல வேண்டியது அந்தக் குணத்தைத்தான்.

நம் பேச்சுவழக்கிலேயே சொன்னால் போதும். "நான் காலு ஒடிஞ்சு கெடந்தப்ப நீ மில்லு வாசல்ல நின்னு வித்தது எனக்கு அப்பவே தெரியும். நம்ம ஆளுங்க முன்னாடி நிக்க உனக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு நான் நெனச்சுப் பாத்திருக்கேன். எனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லாமலேயும் இருந்துட்ட. யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க." இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இதையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டியதில்லை; உங்கள் வாயில் எப்படி வருமோ அப்படி வரட்டும். இதன் தொடர்ச்சியாக, "நான்தான் ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன், நான் ஒரு மாதிரி ஆளு" என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளத் தொடங்காதீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியங்கள் இருந்தால் வேறொரு நாளில் கேட்கலாம். பாராட்ட வந்த இடத்தில் நீங்கள் வருந்த ஆரம்பித்தால், அவர் தன் மகிழ்ச்சியை விட்டுவிட்டு உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். அந்த வேலையை 27 ஆண்டுகளாக அவர் செய்துகொண்டுதான் இருந்திருப்பார்.

இதை எங்கே சொல்வது என்பது, என்ன சொல்வது என்பதற்குச் சற்றும் குறைந்த கேள்வி அல்ல. மண்டபத்து மேடையில் சொல்லாதீர்கள். மறைத்து வைத்த ஒன்றை நூறு பேர் முன்னால் போட்டு உடைத்தால், நீங்கள் புகழ்வதற்காகவே சொன்னாலும் அவருக்குக் கூச்சமும் கோபமும் வரலாம். பிள்ளைகளுக்கே தெரியாத சேதியாகவும் அது இருக்கக்கூடும். விருந்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக, இரவில் அவர் மறுநாள் கடைக்கான வேலையில் உட்காரும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். நெத்திலி ஆய்வதோ, வாழையிலையைத் துடைத்துத் துண்டு போடுவதோ, பொட்டலத் தாளை அடுக்குவதோ எதையாவது கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேரே பார்த்துப் பேசச் சொன்னால் திணறிப்போகும் ஆண்கள், கைக்கு ஒரு வேலை இருந்துவிட்டால் தடையில்லாமல் பேசுவதை என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களிடம் பலமுறை கண்டிருக்கிறேன். லாரிக்குள் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் நீங்கள் எவ்வளவு பேசுவீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் என்ன சொல்வார்? பெரும்பாலும், "என்னாச்சு ஒங்களுக்கு? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். சிரித்துவிடலாம். பேச்சை மாற்றி, நாளைக்கு முட்டை வாங்க வேண்டும் என்று சொல்லலாம். நீங்கள் அஞ்சும் "நாடகம்" என்ற சொல்லும் வரலாம். அந்த இடத்தில்தான் நம் ஆட்கள் முகம் சுண்டிப்போய், "சரி விடு, இனிமே ஒண்ணும் சொல்லல" என்று எழுந்து போய்விடுகிறார்கள். எழுந்து போகாதீர்கள். வேடிக்கையாகவும் மாற்றிவிடாதீர்கள். "ஒண்ணுமில்ல, சொல்லணும்னு தோணுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையில் உள்ள இலையைத் துடைத்துக்கொண்டிருங்கள். நீண்ட நாள் கேட்காத சொல்லைக் கேட்பவருக்கு அதை நம்பச் சற்று நேரம் பிடிக்கும். அடுத்த வாரமும், அதற்கடுத்த மாதமும் சிறியதாக ஏதாவது ஒன்றை நீங்கள் கவனித்துச் சொன்னால் நாடகம் என்ற எண்ணம் தானே போய்விடும். பிறந்தநாளோடு நிறுத்திக்கொண்டால் அவர் நினைத்தது சரியென்றே ஆகும்.

வளையல் விஷயத்தில் உங்கள் மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது, ஆனால் நீங்கள் அதைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்குத் தங்கம் அலங்காரம் என்பதற்கு முன்னால் அவசரத்துக்கு உதவும் சேமிப்பு. செய்கூலியைக் கேட்டது உங்கள் பணம் வீணாகிவிட்டதோ என்ற கவலை. அடகு வைத்தது, அந்தப் பொருளை அவர் அறிந்த முறையில் பயன்படுத்தியது. அடகுச் சீட்டு இன்னும் காலாவதியாகாமல் இருந்தால், புதிதாக நகை தேடி அலையாமல் அந்த வளையலையே மீட்டுக் கொண்டுவந்து கொடுங்கள். பரிசுகளைப் பற்றி ஃபிரான்செஸ்கா ஜினோ, ஃபிரான்சிஸ் ஃபிளின் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கொடுப்பவர் தாமாக யோசித்து வாங்கும் பொருளைவிட, தாம் கேட்ட பொருள் கிடைப்பதையே பெறுபவர்கள் கூடுதலாக மதிக்கிறார்கள் என்று காட்டியது. ஆனால் கொடுப்பவர்கள் அப்படி எதிர்பார்ப்பதில்லை. ஆகவே நேரடியாகக் கேளுங்கள். "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றுதான் முதலில் பதில் வரும். அதோடு விடாமல், "கடைய ஒரு நாள் மூடிட்டு எங்கயாவது போறதா இருந்தா எங்க போவ?" என்று குறுக்கிக் கேட்டால் ஏதாவது ஒரு பெயர் வரும். ஈப்போவின் கல்லுமலை முருகன் கோவிலாக இருக்கலாம். சுங்கை சிப்புட்டிலேயே இ.டி.எஸ். மின்சார ரயில் நிற்கிறது, ஏறினால் கோலகங்சார் தாண்டித் தைப்பிங் போய், ஏரிப் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். லாரியிலோ காரிலோ போனால் நீங்கள் ஓட்டுவீர்கள், அவர் பின்னால் பொட்டலங்களைப் பார்த்துக்கொள்வார். ரயிலில் இருவருக்கும் வேலை இல்லை.

பேச்சோடு பேச்சாக ஒன்று. சொக்சோவின் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 55 வயதுக்கு உட்பட்ட, வீட்டை நிர்வகிக்கும் பெண்கள் சேரலாம். ஆண்டுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்). வீட்டு வேலையின்போது விபத்து நேர்ந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. நீங்கள் கூரையிலிருந்து விழுந்தபோது பட்டதை நினைத்தால், இதை இன்னும் செய்யவில்லையென்றால் இந்த மாதமே செய்துவிடுங்கள். இதைப் பரிசு என்று தாளில் சுற்றிக் கொடுக்க வேண்டாம். கட்டிவிட்டேன் என்று சொன்னால் போதும்.

தேதிக் குழப்பம் பெரிதல்ல. நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அவை பிறப்புப் பத்திரத்தில் பதிந்த தேதியிலிருந்து வருபவை. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளைத் தகப்பனார் நேரம் கிடைத்தபோது டவுனுக்குப் போய்ப் பதிந்த குடும்பங்கள் பல. விருந்து, அடையாள அட்டையில் உள்ள தேதியில் நடக்கட்டும். மாமியாரிடம் மாதத்தையும் நட்சத்திரத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நட்சத்திரம் வரும் நாளில் கோவிலுக்கு அழைத்துப் போய் அவர் பெயரில் ஓர் அர்ச்சனை செய்யுங்கள். ஐம்பது வயதில் ஒருவர் தான் பிறந்த நாள் எது என்று கணவர் தேடிப் பிடித்ததை அறிவது சின்ன விஷயம் அல்ல.

இனி மண்டபம். முதல் காரியமாகப் பிள்ளைகளிடம், இது அம்மாவுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கேக் வெட்டுவது பிள்ளைகளுக்கு என்று இருந்த தலைமுறை அவர். மண்டபத்தின் கதவைத் திறந்ததும் நூறு பேர் கத்தினால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார். மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே போதும் என்று அவர் சொன்னால், முன்பணம் கட்டியாகிவிட்டது என்பதற்காக அவரை வற்புறுத்த வேண்டாம்.

இரண்டாவது, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. விருந்துக்கு வரும் உறவினர் முந்தைய நாளே வந்து வீட்டில் தங்குவார்கள். அவர்களுக்கு இரவுச் சாப்பாடு, காலைப் பசியாறல், பாய் தலையணை, குளிக்க வெந்நீர் எல்லாம் யார் பார்ப்பது? தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவு பன்னிரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் மேடையில் மாலையோடு நிற்கும் எத்தனையோ பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மாலைக்கு என்ன பொருள்? ஆகவே வீட்டுச் சாப்பாட்டுக்கும் சேர்த்தே வெளியில் சொல்லிவிடுங்கள். பாத்திரம் கழுவுவதை நீங்களும் மகனும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்களைக்குள் வரும் அவரை, "போய் ஒக்காரு" என்று வெறுமனே சொன்னால் போக மாட்டார். வேலை முடிந்திருந்தால்தான் போவார். கடைக்கு விடுமுறை என்பதை நான்கு நாள் முன்பே வாடிக்கையாளர்களிடம் நீங்களே சொல்லுங்கள், அவரைச் சொல்ல வைக்காதீர்கள்.

மேடைப் பேச்சுக்கு ஐந்து நிமிடம் அதிகம். இரண்டு நிமிடத்துக்குக் காணும்படி ஒரு தாளில் எழுதி வாசியுங்கள். தாளைப் பார்த்து வாசிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எதைச் சொல்வது என்றால், எல்லாரும் அறிந்த ஒன்றையே சொல்லலாம். தோட்டத்தில் வெயில் ஏறுவதற்கு முன்புதான் பால் நன்றாக இறங்கும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொசுவர்த்திச் சுருளோடு, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டிலேயே பால்மர நிரைக்குப் போனவர் அவர். அந்த வேலை போன பிறகும் அதே நேரத்துக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறார். இதை நேரில் கண்டவர்கள் அந்த மண்டபத்திலேயே பலர் இருப்பார்கள். அவர்கள் முன்னால் கணவர் வாயால் இது சொல்லப்படுவது அவருக்குக் கௌரவம். "அன்பு, தியாகம், பொறுமை" என்று அடுக்க வேண்டாம். அவை எந்த மனைவிக்கும் பொருந்தும். நிகழ்ச்சி நெறியாளரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள்: "வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" என்ற அந்தப் பழைய கேள்வியை உங்களிடம் கேட்கவே கூடாது. கேட்டால் நீங்கள் கூட்டத்தைச் சிரிக்க வைக்க ஏதாவது சொல்வீர்கள். அதன் பிறகு தாளில் உள்ளதை வாசிக்க முடியாது.

மகளின் மீது வருத்தம் வைத்துக்கொள்ளாதீர்கள். தாயின் சார்பாகக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஒருவேளை அன்று மைக்கைப் பிடித்ததும் குரல் வராமல் போனால், தாளை அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் மனைவியின் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். இலை துடைத்த இரவில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பீர்கள் என்பதால், மேடையில் தடுமாறினாலும் பாதகம் இல்லை. இந்த ஏற்பாட்டை மகளிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.